வீட்டிலும் வயலிலும் நஞ்சு: அளவறிந்து நடந்தால் ஆபத்தில்லை

உழவர் வீடுகளில் பரணிலும், திண்ணை மூலையிலும், மாட்டுக் கொட்டகைச் சுவரிலும் உள்ள பொருள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பாதி தீர்ந்த பூச்சி மருந்துப் புட்டி, களைக்கொல்லி கேன், எலி மருந்துப் பொட்டலம், மருந்து கலந்த விதையில் மிச்சம், யூரியா சாக்கு, மண்ணெண்ணெய் புட்டி என ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தேவைக்காக வாங்கியது. பயிரைக் காக்கவும் விளைச்சலைப் பெருக்கவும் வந்த இந்தப் பொருள்களே, கவனக்குறைவான ஒரு நிமிடத்தில் உயிரைப் பறித்துவிடும்.

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டதே காரணம் என்று கருதப்பட்டது. காலி டப்பாவைக் கழுவி வீட்டுக்குப் பயன்படுத்தும் பழக்கம் நம் கிராமங்களிலும் உண்டு. ஆகவே நஞ்சு என்றால் என்ன, அது உடலில் எப்படி நுழைகிறது, நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்பதை உழவர் குடும்பத்தில் பெரியவர் முதல் சிறியவர் வரை அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நஞ்சாவது அளவைப் பொறுத்தது

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற மருத்துவரும் இதையே கூறினார். நஞ்சு, நஞ்சல்லாதது என்று பொருள்களை இரு கூறாகப் பிரித்துவிட முடியாது. ஒரு பொருள் நஞ்சாவதும் ஆகாததும் அதன் அளவைப் பொறுத்தது என்பதே அவர் கருத்து.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்தால் அந்த வைக்கோல் மாட்டுக்குச் சத்துள்ள தீவனமாகிறது. அதே மாடு வயலோரத்தில் வைத்த யூரியாக் கரைசலைக் குடித்துவிட்டால், வயிற்றில் அம்மோனியா பெருகி, வயிறு உப்பி, உடல் நடுங்கிச் சில மணி நேரத்தில் இறந்துவிடலாம். பொருள் ஒன்றே, அளவுதான் வேறு.

அளவைப் போலவே உடல் எடையும் முக்கியம். 60 கிலோ எடையுள்ள ஆளின் உடலில் பரவும் நஞ்சு, 12 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் பரவினால் அதன் வேகம் ஐந்து மடங்காகிறது. பெரியவருக்கு வெறும் குமட்டலோடு போவது குழந்தைக்கு உயிராபத்தாக முடிவது இதனால்தான். மேலும், ஒரே நாளில் உடலில் சேரும் நஞ்சு வேறு. சிறிது சிறிதாகப் பல மாதம் சேர்வது வேறு. முன்னது உடனே தெரியும். பின்னது தெரியாமல் ஈரலையும் நரம்பையும் அரிக்கும்.

நுழையும் வழிகள் மூன்று

நஞ்சு வாய் வழியாகத்தான் உடலுக்குள் போகும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. வாய், மூக்கு, தோல் ஆகிய மூன்றுமே வழிகள்தாம். மருந்து தெளிக்கும் உழவருக்குப் பெரும்பாலும் தோல் வழியாகவே நஞ்சு ஏறுகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள மருந்துகள் தோலில் பட்டால் எரிச்சல் கூட இல்லாமல் உள்ளே இறங்கிவிடும். உடலின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் மருந்தை உறிஞ்சுவதில்லை. உள்ளங்கையையும் முன்கையையும் விடத் தலை, காதோரம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்கள் மிக விரைவாக உறிஞ்சும். தெளிப்பானிலிருந்து மருந்து ஒழுகி முதுகையும் இடுப்பு வேட்டியையும் நனைத்தால், வேலை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே துணியைக் களைந்து சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும்.

டப்பாவில் உள்ள முக்கோணம்

கேரளத்தில் 1958ஆம் ஆண்டு பாரத்தியான் என்ற பூச்சி மருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உணவுப் பொருளும் மருந்தும் ஒரே கப்பலில் வந்தபோது மருந்து ஒழுகி மூட்டைகளில் ஊறியிருந்தது. இந்தத் துயரத்தின் பின்னணியில்தான் 1968ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டமும், 1971ஆம் ஆண்டு அதன் விதிகளும் வந்தன. அவ்விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் சாய்சதுரக் கட்டம் ஒன்று அச்சிடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம், மருந்தின் கடுமையைக் காட்டும்.

சிவப்பு: மிகக் கொடிய நஞ்சு. மேல் முக்கோணத்தில் மண்டை ஓடும் எலும்பும் இருக்கும்.

மஞ்சள்: கடும் நஞ்சு.

நீலம்: நடுத்தர நஞ்சு.

பச்சை: குறைந்த நஞ்சு.

எழுத்து தெரியாதவரும் இந்த நிறங்களைக் கொண்டு மருந்தின் தன்மையை அறியலாம். ஒரே பூச்சிக்குப் பல மருந்துகள் பரிந்துரைக்கப்படும்போது, கடையில் பச்சை அல்லது நீல முக்கோணம் உள்ளதைக் கேட்டு வாங்குவதே நல்லது.

ஆனால் இந்த நிறத்தை மட்டும் நம்பியிருந்துவிடவும் கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மஞ்சள் முக்கோணம் உள்ளது. சிவப்பு இல்லையே என்று அதை எளிதாக எண்ணுவோர் உண்டு. உடலுக்குள் சென்றால் நுரையீரலைச் சுருங்கச் செய்யும் இந்த மருந்துக்கு இன்றளவும் மாற்று மருந்து கிடையாது. முதல் நாளில் வாய்ப்புண்ணோடு நின்றது போலத் தோன்றி, சில நாள் கழித்து மூச்சுத் திணறல் தொடங்கும். ஆகவே எந்த நிறமானாலும், தெளிக்கும் மருந்தைக் கையாளும் முறை ஒன்றே.

பூச்சி மருந்து மனித உடலில் செய்வது

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் போன்றவை பாஸ்பரஸ் சார்ந்த மருந்துகள். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்வதே இவற்றின் வேலை. மனிதனின் நரம்பும் ஏறத்தாழ அதே முறையில் இயங்குவதால் நமக்கும் அதே கதி நேர்கிறது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி செல்ல ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை அழிக்க உடலில் ஒரு நொதி உண்டு. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டு விடுகிறது. வாய்க்கால் மடையை அடைக்க ஆளில்லாவிட்டால் வயல் முழுவதும் வெள்ளக்காடாவது போல, நரம்பின் செய்தி நிற்காமல் ஓடி உடல் முழுவதும் நிலைகுலைகிறது.

இதன் அறிகுறிகளை வீட்டார் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை ஆகியவை முதலில் தோன்றும். பிறகு வாயில் எச்சில் வடியும், கண்ணில் நீர் வரும், கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், பார்வை மங்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும், தசைகள் துடிக்கும், நெஞ்சில் சளி கட்டியது போல மூச்சுத் திணறும். மருந்தடித்துவிட்டு வந்தவருக்குத் தலை சுற்றினால், வெயிலில் நின்ற களைப்பு என்று படுக்க வைத்து விடுவது தவறு. அவரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இதற்கு மருத்துவர்கள் கொடுக்கும் முக்கியமான மாற்று மருந்து அட்ரோப்பின். வேலியோரம் முளைக்கும் ஊமத்தையிலும் இதே வகை நஞ்சுதான் உள்ளது. ஊமத்தங்காயைத் தின்ற குழந்தை வாய் உலர்ந்து, கண் பாவை விரிந்து, பிதற்றத் தொடங்கும். அதே பொருள் அளவறிந்து ஊசியில் ஏற்றப்படும்போது பூச்சி மருந்தால் சாகக் கிடப்பவரைக் காக்கிறது. ஆனால் அந்த அளவு மருத்துவருக்கே தெரியும். வீட்டில் ஊமத்தையை அரைத்துக் கொடுப்பது ஒரு நஞ்சின் மேல் இன்னொரு நஞ்சை ஊற்றுவதாகும்.

தெளிக்கும்போது கவனிக்க வேண்டியவை

மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டு பருத்திச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. தலைக்கு மேலே தெளித்த மருந்து தெளித்தவர் மேலேயே விழுந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைக் கலந்து அடித்ததும், கையுறையோ முகமூடியோ இல்லாததும் கேட்டை மிகுவித்தன. அங்கு இறந்தவர்களில் கூலிக்குத் தெளிக்கச் சென்றவர்களும் இருந்தனர். கூலிக்கு ஆள் வைப்பவர் மருந்தோடு கையுறையையும் முகக்கவசத்தையும் சேர்த்துக் கொடுப்பது அவர் கடமை.

1. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தலைப்பாகை, ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் ஆகியவற்றை அணிய வேண்டும். ஈரத்துணியை மூக்கில் கட்டினால் போதும் என்று எண்ணக்கூடாது. மருந்து ஊறிய ஈரத்துணி மூக்கருகே நஞ்சை நிறுத்தி வைக்கும்.

2. காற்றடிக்கும் திசையிலேயே தெளித்துச் செல்ல வேண்டும், எதிர்த்திசையில் கூடாது. காலையிலோ மாலையிலோ தெளிப்பது நல்லது. உச்சிவெயிலில் வியர்த்த உடல் மருந்தை எளிதில் ஏற்கும்.

3. மருந்தைக் கையால் கலக்கக் கூடாது. நீண்ட குச்சியைப் பயன்படுத்த வேண்டும். குருணை மருந்தை மணலுடன் சேர்த்து வெறுங்கையால் தூவுவதும் கூடாது.

4. தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. மெல்லிய கம்பியாலோ நீராலோ சுத்தம் செய்ய வேண்டும்.

5. வேலையின் இடையே பீடி, வெற்றிலை, உணவு கூடாது. சோப்பு போட்டுக் கை, முகம் கழுவிய பிறகே தண்ணீர் குடிக்க வேண்டும்.

6. மருந்து பட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். துவைக்கும் பெண்களுக்கும் கையுறை தேவை.

7. காலியான டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிட வேண்டும். பிறகு டப்பாவை ஓட்டை போட்டு, கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவில் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

வீட்டுக்குள் உள்ள நஞ்சுகள்

எலி மருந்துகளில் துத்தநாக பாஸ்பைடு என்ற கறுப்புத் தூள் வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறுகிறது. தேங்காயும் பொரியும் கலந்து வைத்த எலி உணவைத் தின்பண்டம் என்று குழந்தை எடுத்துவிடும். ஆகவே இரவில் வைத்த எலி உணவில் மிச்சத்தைக் காலையில் முதல் வேலையாக எண்ணி எடுத்துப் புதைத்துவிட வேண்டும். தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் காற்றின் ஈரம் பட்டாலே இதே வாயுவைக் கக்கும். பயிற்சி பெற்றவர் மட்டுமே கையாளத்தக்க அந்த மாத்திரையை, குடும்பம் படுத்துறங்கும் வீட்டில் நெல் மூட்டைக்கு நடுவே வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

கோவை, ஈரோடு, சேலம் பகுதிகளில் வாசல் தெளிக்கச் சாணத்துக்குப் பதிலாகச் சாணிப்பவுடர் என்ற பொடி புழங்கி வந்தது. பெயரில்தான் சாணி உண்டு. மஞ்சள் பொடியில் ஆரமின், பச்சைப் பொடியில் மாலகைட் பச்சை என்ற தொழிற்சாலைச் சாயங்கள் இருக்கின்றன. இவை உட்கொண்டால் உயிரைப் பறிக்கும். வாசலுக்கு மாட்டுச் சாணமே போதும்.

மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது மற்றொரு கெட்ட பழக்கம். தாகத்தில் வந்த பிள்ளை நிறம் பார்க்காமல் குடித்துவிடும். அப்போது வாந்தி எடுக்க வைத்தால் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரல் வெந்துபோகும்.

விதைநேர்த்தி செய்த விதை மிச்சமானால் அதைக் கழுவிச் சமைப்பதோ, கோழிக்குப் போடுவதோ கூடாது. அந்த விதைக்கு நிறம் ஏற்றியிருப்பதே எச்சரிப்பதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் சண்டையும் கடன் தொல்லையும் மனத்தைக் கலக்கும் வேளை எவருக்கும் வரும். அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருப்பது, மறுநாள் தெளிந்துவிடக்கூடிய மனத்தை மறுநாளைப் பார்க்க விடாமல் செய்துவிடுகிறது. இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலைகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. ஆகவே தேவைக்கு மேல் ஒரு புட்டி கூட வாங்கி வைக்கக் கூடாது. மனம் சோர்ந்தவர் வீட்டில் இருந்தால் மருந்தை அன்றே வெளியேற்றிவிட்டு, அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

செடிகளில் நஞ்சு

அழகுக்கு வளர்க்கும் அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும். பள்ளி வளாகத்திலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் இவை வேண்டாம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. அதில் உள்ள கால்ச்சிசின் மூட்டுவலி மருந்துக்குப் பயன்பட்டாலும் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. நடவுக்கு வைத்த கிழங்கைச் சமையல் கிழங்கு என்று எண்ணி வேகவைத்துத் தின்றால் பெரும் விபரீதமாகும். கிழங்கைச் சமையலறைப் பக்கமே வைக்கக் கூடாது. ஆமணக்கு விதை, குன்றிமணி இவற்றையும் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால்நடைகளுக்கு வரும் கேடு

மழை பொய்த்து வாடிய இளஞ்சோளமும், அறுத்த கட்டையில் புதிதாகத் துளிர்த்த சோளமும் மாட்டுக்கு எமன். சோளத்தின் இளம் தழையில் உள்ள ஒரு பொருள் மாட்டின் வயிற்றில் ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறுகிறது. மேய்ந்த சிறிது நேரத்தில் மாடு மூச்சு வாங்கி, தள்ளாடி விழுந்து, கால்களை உதைத்துக்கொள்ளும். சோளத்தைப் பூத்த பிறகே அறுத்துப் போட வேண்டும். இளம் பயிரை அறுக்க நேர்ந்தால் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு வெகுவாகக் குறையும். மரவள்ளித் தழையும் கிழங்குத் தோலும் இதே தன்மையுடையவை. வெயிலில் உலர்த்தாமல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது. நஞ்சேறிய மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் உரிய ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு, நேரம்தான் குறைவு. 1962 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கடலையும் புண்ணாக்கும் மெல்லக் கொல்லும் நஞ்சு. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய அப்ளாடாக்சின் என்ற நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இது வேகவைத்தாலும் அழியாது. பசு தின்றால் பாலிலும் வரும். மனிதருக்கு ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். கடலைக் காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும் வரை காயவைத்து, உடைந்ததையும் சொத்தையையும் பொறுக்கி நீக்கிய பின் மூட்டை கட்ட வேண்டும். மனிதருக்கு ஆகாத பூசணக் கடலை மாட்டுக்கும் ஆகாது.

நஞ்சேறினால் முதலில் செய்ய வேண்டியது

1. 108க்குத் தெரிவித்துவிட்டு, பாதிக்கப்பட்டவரை வயலிலிருந்து காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டு வர வேண்டும். உதவுபவர் தம் கையில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. மருந்து பட்ட துணிகளைக் களைந்து, தலை முதல் கால் வரை சோப்பும் மிகுந்த நீரும் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் சுத்தமான நீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும்.

3. சாணிக் கரைசல், உப்புக் கரைசல், புளிக் கரைசல், சோப்பு நீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. கிராமங்களில் இவற்றால் மூச்சுக்குழல் அடைத்து இறந்தோர் உண்டு.

4. நினைவு தவறியிருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் உள்ள வாந்தியைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

5. மருந்து டப்பாவையோ அதன் சீட்டையோ, செடியானால் இலை, காயையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் உரிய மருந்தைத் தாமதமின்றித் தர முடியும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவும் பகலும் கேட்கலாம்.

பாதிக்கப்பட்டவர் நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார் என்பதற்காக மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப் போடக் கூடாது. பாராகுவாட், கண்வலிக்கிழங்கு போன்றவை உள்ளே வேலை செய்துகொண்டே வெளியே அமைதியாக இருக்கும்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது என்று தோன்றலாம். மூன்று வேலைகளை இந்த வாரமே செய்யலாம். வீட்டில் உள்ள மருந்துகளை எல்லாம் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, குழந்தைகள் எட்டாத இடத்தில், சமையலறைக்கும் தீவனத்துக்கும் அப்பால் வைக்க வேண்டும். சீட்டு கிழிந்தோ பெயர் தெரியாமலோ இருப்பதை இனிப் பயன்படுத்தாமல் விலக்கி வைத்து, அதை என்ன செய்வது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்க வேண்டும். 108, 1962, 1800 116 117 ஆகிய மூன்று எண்களையும் சுவரில் கரியால் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு பூட்டும் ஒரு கரித்துண்டும்தான். பயிர் அடுத்த பட்டத்தில் மீண்டும் விளையும். போன உயிர் திரும்பாது.